தொண்ணூறு நாள் செல்லும் விடை

திண்டுக்கல்லில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. தண்ணீரைக் கொண்டுவருவது அதன் வேலை அல்ல, அதற்கு வேறு அலுவலகம். வந்ததா இல்லையா என்று பார்ப்பதும் அதன் வேலை அல்ல, அதை யாருமே பார்ப்பதில்லை. எப்போது வரும் என்று சொல்வது மட்டும்தான். மாவட்ட நீர்வரவு அறிவிப்பு முகமை என்று பெயர். பழனி ரோட்டில் ஒரு பூட்டுக்கடைக்கு மேலே, மாடியில், முப்பத்தொரு பேர் அந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகக் காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்தேமுக்காலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தோராவது ஆள் நர்கீஸ். கம்ப்யூட்டர் படித்தவள், பேகம்பூரில் வீடு, அத்தா இல்லை, அம்மா மட்டும். பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதை இணை இயக்குநர் ராயப்பராஜின் கையெழுத்து முடிவு செய்யும். 'தண்ணீர்த் தோழன்' என்ற மொபைல் செயலியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தெருப் பெயரைத் தட்டினால் தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் சொல்லும்.

சொல்லும்தான். ஆனால் நாற்பத்தேழு விநாடி ஆகும். யார் எந்தத் தெருவைக் கேட்டாலும் செயலி முதலில் சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டரைக் கேட்கும். அது ஒவ்வொரு பகுதியின் பதிவேட்டையும் வரிசையாகத் தேடும். தேடி எடுத்ததை அனுப்பிவிட்டு, தேடியதை மறந்துவிடும். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் அதே தெருவைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. திண்டுக்கல் மக்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. தண்ணீருக்கு ஒரு வாரம் காத்திருப்பவர்கள் பதிலுக்கு முக்கால் நிமிடம் காத்திருக்க மாட்டார்களா.

குறை சென்னையிலிருந்து வந்தது. ஆய்வுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி கூட்டத்தில் செயலியைத் திறந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவர் பார்த்தார். ராயப்பராஜ் பார்த்தார். முப்பது பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். டீ வந்தது, வட்டம் நிற்கவில்லை. அதிகாரி டீயைக் குடித்துவிட்டு, "ஒரு விநாடிக்குள்ள வரணும். பதினஞ்சு நாள் டைம்," என்று சொல்லிக் கிளம்பினார். அன்று சென்னைக் கம்ப்யூட்டரும் மக்கர் செய்ததில், விடை வந்தபோது அவர் வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறிக்கொண்டிருந்தார்.

நர்கீஸ் மறுநாளே வழி சொன்னாள். வழி புதிதல்ல, உலகம் முழுக்கச் செய்வதுதான். ஒருமுறை கேட்டு வாங்கிய விடையைப் பக்கத்திலேயே ஒரு நினைவுப் பகுதியில் வைத்துக்கொள்வது. அடுத்தவர் கேட்டால் சென்னை வரைக்கும் போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பது. அதற்குக் கேஷ் என்று பெயர். 'கேஷ் வைத்தால் விடை உடனே கிடைக்கும்' என்று ஒரு வரியில் குறிப்பு எழுதிக் கண்காணிப்பாளர் சிவபிரகாஷின் மேஜையில் வைத்தாள்.

சிவபிரகாஷ் அதைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தாம்மா," என்றார் மெதுவாக. "கேஷ் வச்சா எங்கதான் வேகமாகாது. ஆனா இத ஃபைல்ல எழுதுவாங்களா?"

இது அந்தக் கேஷ் இல்லை, இங்கிலீஷில் எழுத்தே வேறு என்று அவள் விளக்கினாள். அவருக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குறிப்பில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'முன்விடைப் பெட்டகம்' என்று எழுதினார். அன்றிலிருந்து அதுதான் அதன் அதிகாரப்பூர்வப் பெயர்.

ராயப்பராஜ் அவளைக் கூப்பிட்டு எளிமையாகச் சொல்லச் சொன்னார்.

"பிரியாணிக் கடையில சார், ஆளு வந்து உக்காந்தப்பறமா அடுப்பப் பத்த வைக்கிறதில்ல. தம் போட்டு ரெடியா வச்சிருக்காங்க. கேட்ட ஒடனே எடுத்து வைக்கிறாங்க. ஆனா நேத்துப் போட்டத இன்னிக்கு வைக்க மாட்டாங்க. அதான் இதுல முக்கியம்."

"முதல் பாதி நல்லாப் புரியுது," என்றார் ராயப்பராஜ்.

வைத்த விடைக்கு ஆயுள் வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். பத்து நிமிடம் போதும். பத்து நிமிடம் ஆனதும் பழைய விடை தானே அழிந்துவிடும். அதன்பிறகு முதலில் கேட்பவர் மட்டும் நாற்பத்தேழு விநாடி காத்திருப்பார், அவருக்காகக் கொண்டுவந்த புது விடை மற்றவர்களுக்கும் பயன்படும். இதைப் பரிசீலிக்க 'பெட்டக ஆயுள் நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் குழுவின் ஆயுள் நிர்ணயிக்கப்பட்டது. இரண்டாவதில் அது நீட்டிக்கப்பட்டது. மூன்றாவதில்தான் ராயப்பராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்த முதல் ஆளு யாரு?"

"யாரா வேணாலும் இருக்கலாம் சார்."

"சென்னையில இருந்து நம்மள ஆய்வு பண்ணுன அதிகாரியா இருந்தா?"

அதனால் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாத் தெருவின் விடைகளையும் விடியற்காலையில் பெட்டகத்தில் நிரப்பிவிடுவது என்று முடிவானது. அதுவும் நல்ல வழிதான், நர்கீஸுக்குச் சம்மதம். தினமும் நிரப்பிவிடலாம் என்றாள்.

"தினமும் எதுக்கு?" என்றார் ராயப்பராஜ். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம். சிவபிரகாஷ் பேனாவைத் திறந்தார்.

"ஒரு சான்றிதழ் குடுத்தா மாசக்கணக்குல செல்லுது. ஒரு பாஸ் குடுத்தா மாசம் முழுக்கச் செல்லுது. நம்ம சொல்ற விடை மட்டும் பத்து நிமிஷத்துல செல்லாதுன்னா, நம்ம சொல்லுக்கு என்ன மரியாத? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு பேசுறதுக்கு நாம என்ன டீக்கடையா? மக்கள் மனு எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். வேகமா பதில் வேணும்னு எழுதியிருக்காங்க. சரியான பதில் வேணும்னு ஒருத்தர்கூட எழுதல. மக்கள் கேக்காதத நாம குடுக்க முடியாது. தொண்ணூறு நாள்."

"சார், தண்ணி விடுற நாள் மாறிக்கிட்டே இருக்கும்," என்றாள் நர்கீஸ். "கரண்ட் போகும், மோட்டார் ரிப்பேராகும், குழாய் ஒடையும்."

"அதெல்லாம் தண்ணி விடுற ஆபீஸோட பிரச்சன. மாறுறது தண்ணி. நாம மாறக் கூடாது. அதுதான் நம்ம தரம்."

உத்தரவு தட்டச்சாகி வந்தது. அதே கவரில் இன்னொரு தாளும் இருந்தது. அவளுடைய ஒப்பந்தப் புதுப்பிப்புக் கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று அதில் இருந்தது. இரண்டையும் ஒரே குண்டூசியால் குத்தியிருந்தார்கள்.

நர்கீஸ் கணக்குப் போட்டாள். ஆயுளை விநாடியில்தான் எழுத வேண்டும். எழுபத்தேழு லட்சத்து எழுபத்தாறாயிரம். ஏழு எண்கள். 'அறுநூறு' என்று இருந்த இடத்தில் அதைத் தட்டினாள். அழித்தாள். குண்டூசியில் குத்தியிருந்த இரண்டாவது தாளை ஒருமுறை பார்த்தாள். மறுபடி தட்டினாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாடியில் அது தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

பதினைந்தாவது நாள் 'தண்ணீர்த் தோழன்' கண் சிமிட்டுவதற்குள் பதில் சொன்னது. பெட்டகம் நிரப்பிய அன்று எந்தத் தெருவுக்கு எந்த விடை இருந்ததோ அதுவே நிலைத்தது. மேட்டுத் தெருவுக்கு அன்றைய விடை 'நாளை காலை ஏழு மணி' என்று இருந்தது. அந்தத் தெருவுக்குத் தொண்ணூறு நாளும் நாளை காலை ஏழு மணிதான்.

ரெட்டைக் கிணற்றுத் தெருவுக்கு விடை 'புதன்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை.' அங்கேதான் பொன்னழகு இருந்தாள்.

பொன்னழகு நத்தம் ரோட்டில் ஒரு நூற்பாலையில் தினக்கூலி. கணவன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாள் மாதத்தில் நான்கோ ஐந்தோ. மகள் சுகன்யா மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு ஆள் இல்லை. நர்கீஸின் அத்தா இறந்த வருடம் துக்கத்தின் நாற்பது நாளும் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அடுத்த தெருதான் என்றாலும் அக்கா என்றால் நர்கீஸுக்கு அவள்தான்.

செயலி வேகமான வாரத்தில் நர்கீஸே அவளுடைய போனில் அதை ஏற்றிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று பின்னால் பலமுறை யோசித்தாள். பெருமைதான். நாற்பத்தேழு விநாடியை ஒன்றுமில்லாமல் ஆக்கிய பெருமை. இரண்டு நாள் அந்தப் பெருமையில் தொண்ணூறு நாள் அவளுக்கு மறந்தேபோயிருந்தது.

"தட்டுன ஒடனே சொல்லுது பாரேன்," என்றாள் பொன்னழகு. "புதன்கெழம எட்டு மணியாம். அப்ப நான் புதன்கெழம லீவு போட்டுக்கிறேன். எங்க மில்லுல பெர்மனென்ட் லிஸ்ட் எடுக்குறாங்க நர்கீஸு. இந்த மூணு மாசத்துல மூணு லீவுக்கு மேல போனா பேரு வராது. தண்ணி வார நாளு தெரிஞ்சுட்டா எனக்கு அது போதும்."

நர்கீஸுக்கு அப்போதுதான் தொண்ணூறு நாள் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். வாசலில் குக்கர் வியாபாரி வந்து நின்றான், பேச்சு மாறிவிட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

முதல் புதன் தண்ணீர் வரவில்லை. இரண்டாவது புதன், தற்செயலாக, எட்டேகாலுக்கு வந்தது. பொன்னழகு ஒன்பது குடம் பிடித்து, போனை முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டாள். மூன்றாவது புதன் வரவில்லை. மூன்று லீவும் முடிந்தன.

நர்கீஸின் வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. அவள் அம்மாவுக்குச் செயலியெல்லாம் தெரியாது. வால்வு திறக்கிற சோலைமலையின் நம்பர் தெரியும். "ஏண்ணே, எங்க தெருவுக்கு எப்பண்ணே?" என்று ஒரு போன். "நாளக்கழிச்சு காலையில தாயி." முடிந்தது. ரெட்டைக் கிணற்றுத் தெருவுக்கும் அதே சோலைமலைதான். அதையும் நர்கீஸ் அறிவாள். அம்மா குடத்திலிருந்து சொம்பில் ஊற்றிக் கொடுக்கும் தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு, குடிக்காமல் ஆபீசுக்குக் கிளம்புவாள். அந்த வாரம் அவள் பொன்னழகு வீட்டு வழியை விட்டு வேறு தெரு வழியாகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அலுவலகத்தில் இதற்கிடையில் புகார்கள் வரத் தொடங்கியிருந்தன. ராயப்பராஜ் கலங்கவில்லை. விடைகளை முன்கூட்டியே நிரப்ப முடியும் என்றால் புகாருக்கான பதிலை ஏன் நிரப்பக் கூடாது என்று கேட்டார். நர்கீஸ் அதையும் செய்து கொடுத்தாள். மறுவாரம் பிரியாணிக்கடை முகமது பாரூக் போனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"புகார்னு போட்டிருந்த எடத்தத் தொட்டேம்மா. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, திருப்தியா?'ன்னு வந்துச்சு. கீழ 'ஆம்'னு ஒரே ஒரு பட்டன். நான் இன்னும் என்னன்னே சொல்லலியே."

"அதாங்க வேகம்," என்றார் சிவபிரகாஷ்.

"தண்ணி வரலியேன்னு சொல்ல வந்தேன்."

"அது தீந்துருச்சுன்னு போட்டிருக்குல்ல?"

பாரூக் போனையும் சிவபிரகாஷையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நர்கீஸைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். அந்த மாதம் தீர்க்கப்பட்ட புகார்களின் எண்ணிக்கை, பெறப்பட்ட புகார்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. இது முகமையின் வரலாற்றில் முதல்முறை என்று அறிக்கை போனது.

பிறகு சோலைமலைக்கு ஒரு கடிதம் போனது. அவர் வேறு அலுவலகத்து ஆள் என்பதால் அந்த அலுவலகம் வழியாக. 'செயலியில் ரெட்டைக் கிணற்றுத் தெருவுக்குப் புதன்கிழமை எனத் தெரிவிக்கப்பட்டிருக்க, அதற்கு முரணாகத் திங்கட்கிழமை தண்ணீர் திறந்துவிட்டதற்கு விளக்கம் அளிக்கவும்.' சோலைமலை அதை எடுத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டியில் நேராக ராயப்பராஜின் அறைக்கே வந்துவிட்டார். நர்கீஸ் ஏதோ ஒயர் சரிசெய்வதுபோல மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டி திங்கக்கெழம நெறஞ்சுச்சு சார், தொறந்தேன். புதங்கெழம தொட்டி காலி. காலித் தொட்டியத் தொறந்தா காத்துத்தான் வரும்."

"தண்ணி வந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"சனங்க பிடிச்சாங்க சார்."

"பிடிச்சாங்கங்கிறது தகவல் இல்ல. எங்க பெட்டகத்துல இருக்கிறதுதான் தகவல். நீங்க தகவலப் பாத்துட்டு வேல செய்யணும். நீங்க உங்க இஷ்டத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டு, எங்கள மாறச் சொன்னா எப்படி?"

சோலைமலை கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப தொட்டிக்கும் ஒரு லெட்டர் போட்டுருங்க சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இந்த யோசனை கோப்பில் பதிவு செய்யப்பட்டது.

அதே வாரம் எல்லாப் பணியாளர்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. செயலியில் உள்ளதைத் தவிர வேறு தகவலை யாரும் வாய்மொழியாகக்கூட வெளியில் சொல்லக் கூடாது. நர்கீஸ் அதில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு அடுத்த தாளில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது எதிரே பொன்னழகு. ஷிப்ட் முடிந்து வருகிறாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உன்னயத்தான் பாக்கணும்னு இருந்தேன். நாளைக்குத் தண்ணி வருமா? வீட்ல ஒரு சொட்டு இல்ல. மூணு லீவு போயிருச்சு. நாலாவது போட்டா லிஸ்ட்ல பேரு கிடையாது. தண்ணி உறுதின்னா சூப்பர்வைசர் கால்ல விழுந்தாவது அரைநாள் பெர்மிஷன் கேப்பேன். வராதுன்னா நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிருவேன். நீ அங்கதானே வேல பாக்குற. சொல்லு."

ஒரு போன் போதும். சோலைமலையின் நம்பர் அவளுடைய போனிலேயே இருந்தது. நர்கீஸுக்கு அன்று காலையில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. பிறகு அம்மாவின் மாத்திரைகள், பதினோரு மாதம்.

"ஆப்ல புதன்கிழமைன்னுதான்க்கா போட்டிருக்கு," என்றாள்.

பொன்னழகு அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை தண்ணீர் வரவில்லை. பெர்மிஷன் கிடைக்காமலேயே பொன்னழகு குடங்களோடு காத்திருந்தாள். மில்லில் வராத நாள் என்று குறித்துவிட்டார்கள். அடுத்த திங்கள் நிரந்தரமாகிறவர்களின் பட்டியலை மில் கேட்டில் ஒட்டினார்கள். இருபத்திரண்டு பேர். அறுந்த நூலை நான்கு வருடமாக முடிச்சிட்டு வந்த பொன்னழகின் பெயர் அதில் இல்லை. நர்கீஸிடம் அதைச் சொன்னது அவள் அம்மாதான். "பாவம், அது விதி," என்றும் சேர்த்துச் சொன்னாள். நர்கீஸ் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஏழு எண்களும் கண்ணுக்குள் வரிசையாக நின்றன. விதிக்கு அவற்றைத் தட்டத் தெரியாது.

மறுநாள் காலை அவள் சோலைமலையைத் தேடிப் போனாள். அவர் ஒரு தெருமுனையில் குழிக்குள் குனிந்து, நீளக் கம்பியால் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் நான் தர்ற நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பீங்களா? தெருவுக்கு ஒரு நம்பர். குடுத்தா அந்தத் தெருவோட பழைய பதில் அழிஞ்சுரும். அப்பறம் யாரு கேட்டாலும் புதுசாப் போய்க் கேட்டுட்டு வரும். தொட்டி நெறயலேன்னாலும் குடுங்க, நாளத் தள்ளிப் போட்டுரலாம்."

"உங்க ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

சோலைமலை கம்பியை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். "நான் தொறந்தா வரும், தொறக்கலேன்னா வராது. இத எங்கிட்டக் கேக்கணும்னு தோணவே ஒங்களுக்கு இம்புட்டு நாளாச்சு," என்றார். ஆனால் போனை நீட்டினார்.

ஐந்து நாள் 'தண்ணீர்த் தோழன்' உண்மை பேசியது. மேட்டுத் தெருவுக்கு முதல்முறையாக 'நாளை' போய் 'சனிக்கிழமை' வந்தது, சனிக்கிழமை தண்ணீரும் வந்தது. பழைய விடை அழிந்த தெருக்களில் முதலில் கேட்பவர் மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் சராசரி வேகம் அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடியாக இறங்கியது.

ஆறாவது நாள் முகமைக்கு மாநில விருது. அதிவேக மக்கள் தகவல் சேவை. அரண்மனை மாதிரி அலங்கரித்த மண்டபத்தில் ராயப்பராஜ் மைக்கைப் பிடித்தார். "தண்ணி கொண்டுவர்றது பெரிய விஷயம் இல்ல. குழாய் போட்டா வந்துரும். தண்ணி இல்லாதப்பவும் எப்ப வரும்னு தயங்காமச் சொல்றோம் பாருங்க, அதுக்குத்தான் நிர்வாகம் வேணும்," என்றார். கைதட்டினார்கள். அவர் மேடையிலேயே செயலியைத் திறந்து காட்டினார். அவர் தட்டிய தெருவுக்குச் சற்று முன்புதான் சோலைமலை மிஸ்டு கால் கொடுத்திருந்தார். வட்டம் சுற்றியது. நாற்பத்தேழு விநாடி மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது.

விசாரணை மறுநாளே தொடங்கியது. சிவபிரகாஷ்தான் விசாரணை அதிகாரி. எதிரே நர்கீஸ்.

"சராசரி வேகத்தக் குறைச்சது நீதானா?"

"ஆமா சார். நான்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சேன். தொண்ணூறு நாள் தப்புன்னு தெரிஞ்சே தட்டினேன். புகாருக்கு முன்னாடியே பதில் வைக்கிறதும் நான்தான் எழுதினேன். ஒரு பொம்பளைக்கு அதால பெர்மனென்ட் வேல போச்சு. அத எழுதிக்கோங்க."

சிவபிரகாஷ் படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். உண்மையிலேயே தேடினார், நல்ல மனிதர்.

"அது உத்தரவுப்படி செஞ்சதும்மா. உத்தரவுப்படி செஞ்சது தப்பா இருக்க முடியாது. இதுல அதுக்கு எடமே இல்ல."

"தனித்தாள்ல எழுதித் தர்றேன் சார்."

"தனித்தாள எந்த ஃபைல்ல வைப்பேன்? உத்தரவு இல்லாமச் செஞ்ச தப்ப மட்டும் ஒத்துக்க. அது ஒண்ணுதான் ஃபார்ம்ல இருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. தண்டனைக்குப் பயந்து அல்ல. செய்த தப்புக்குத் தண்டனை கிடைக்காது, செய்த நல்லதற்குத்தான் கிடைக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தம் ரத்தாகி, மிஸ்டு கால் நம்பர்கள் துண்டிக்கப்பட்டன. பெட்டகம் மறுபடி நிரப்பப்பட்டு இன்னொரு தொண்ணூறு நாள் தொடங்கியது. வெளியேற்ற உத்தரவோடு அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். விருதுக்காக முன்பே அச்சடித்து வைத்திருந்தது, வீணாக்க வேண்டாம் என்று.

அன்று சாயங்காலம் நர்கீஸ் ரெட்டைக் கிணற்றுத் தெருவுக்கு நேர்வழியில் போனாள். பொன்னழகு வாசலில் உட்கார்ந்து காலிக் குடங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நர்கீஸ் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து சொன்னாள். பெட்டகம், தொண்ணூறு நாள், குண்டூசியில் குத்திய தாள், சுற்றறிக்கை, எல்லாம். பொன்னழகு துலக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். நர்கீஸ் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"நான் உன்ன பஸ் ஸ்டாப்புல கேட்டப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. வராம இருக்கத்தான் நெறய சான்ஸுன்னு தெரியும்."

"நீ வரும்னு சொல்லல. போட்டிருக்குன்னு சொன்ன. எனக்கு அது அப்ப வெளங்கல." பொன்னழகு குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நல்லா வேல கத்துக்கிட்ட நீ."

நர்கீஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆபீசில் யாரும் அவளைத் திட்டியதில்லை. இதுதான் முதல்.

"மில்லுக்கு வந்து இத மேனேஜர்கிட்டச் சொல்லுவியா?"

"வாரேன்க்கா. எழுதியும் தாரேன்."

மறுநாள் காலை இருவரும் போனார்கள். மேனேஜர் இளஞ்செழியன் அவள் எழுதிய இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தார். தன்னுடைய போனை எடுத்து ரெட்டைக் கிணற்றுத் தெருவைத் தட்டினார். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது. அதைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பொன்னழகைப் பார்த்தார். "வராத நாள லீவுன்னு மாத்திர்றேன், சம்பளம் பிடிக்க மாட்டாங்க. ஆனா லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போயிருச்சு. இனி அடுத்த வருஷம்தான்," என்றார்.

வெளியே வந்தார்கள். ஷிப்ட் தொடங்கச் சில நிமிடம் இருந்தது. மில்லின் இரைச்சல் தரையிலேயே அதிர்ந்தது.

"அக்கா, என்னய மன்னிச்சிட்டீங்களா?"

பொன்னழகு தலைக்குத் துணி கட்டிக்கொண்டாள். யோசித்துத்தான் பேசினாள்.

"இல்ல. கோவமாத்தான் இருக்கேன். எத்தன நாளைக்கு இருக்கும்னு எனக்கே தெரியாது. நீ தெனமும் வந்து வந்து கேக்காத. போச்சுன்னா நானே வந்து சொல்றேன்."

"சரிக்கா."

பொன்னழகு உள்ளே போனாள். நர்கீஸ் ரோட்டைக் கடந்து, நத்தத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸுக்காக நின்றாள். அது எப்போது வரும் என்று யாரிடமும் கேட்கவில்லை.